வழக்கமான பதில்

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பையை அவள் சாப்பாட்டு மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கூப்பிட்டது. கைக்கடிகாரம், கண்ணாடிக்கூடு, சீப்பு, நான்காக மடித்த கைக்குட்டை, ஆறு அங்குல ஸ்கேல், எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியாக விழுந்த, சோப்புக்கட்டி அளவு கறுப்புக் கருவி மட்டும் மேஜைமேல் அதிர்ந்து நகர்ந்து, கிண் கிண் என்று இரண்டு தரம் ஒலித்தது.

அடுத்த அறையில் அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகள் ஓடி வந்தாள்.

"என்னம்மா அது?"

"எனக்கென்ன தெரியும்? உங்கப்பாவோட ஆபீஸ் சனியன்."

சின்னத் திரையில் எழுத்து ஓடியது. 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' கீழே நான்கு கட்டங்கள்: வீடு, வேலை, வழியில், வேறு இடம்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேள்வி கேட்கப்பட்டவர் நேற்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, பல்கலைக்கழகத்தின் புவியியல் கட்டடத்தில், சுருட்டிய வரைபடம் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்புறம் எழுந்திருக்கவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்றால், ஆஸ்பத்திரியின் பிணவறையில், ஐஸ் பெட்டியில் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் நாளை விடியற்காலை வந்து இறங்கவேண்டும். நாளை பத்து மணிக்குத்தான் எடுப்பது. அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு முழு நாள், இந்தப் புதன்கிழமை, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

"அணைச்சுத் தொலைடி."

"ஸ்விட்சே இல்லம்மா. அப்பா சொன்னாரே, யாரும் அணைச்சு வச்சிடக் கூடாதுன்னு ஸ்விட்ச் வைக்கலைன்னு. மூணு வேளை கேட்குமாம்."

ஆமாம், சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு வரியில். 'மனிதப் புவியியல் குழு ஆராய்ச்சி. நாற்பது பேர் வச்சிருக்கோம். எங்க இருக்கோம்னு கேட்கும், சொல்லணும்.' அவர் எதையுமே ஒரு வரிக்கு மேல் சொன்னதில்லை. இருபத்தாறு வருஷம் வரைபடம் வரைந்த மனிதர். பேச்சிலும் தேவையில்லாத கோடு ஒன்றை இழுக்கமாட்டார்.

மகள் இஸ்திரிக்குத் திரும்பினாள். அம்மா சீப்பை எடுத்தாள், வைத்தாள். பத்து நிமிஷம் போயிருக்கும். கருவி மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை அது கேட்கவில்லை, சொன்னது. 'பதில் வரவில்லை. வழக்கமான பதில் பதிவாகிறது: வேலை. மனநிலை: மூன்று. நன்றி.'

அவள் வாய்விட்டுப் படித்தாள். உள்ளேயிருந்து மகள் சிரித்துவிட்டாள்.

"வேலைக்குப் போயிட்டாராம்மா," என்றாள். சொன்னதும் அழ ஆரம்பித்தாள். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு, அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மாவுக்கோ அழுகை வரவில்லை. செத்தவருக்குப் பதிலாக யாரடா பதில் சொல்வது?

பதினொரு மணிக்குப் பேராசிரியை வந்தார். அந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவி. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர். நேற்று ஆஸ்பத்திரியில் கடைசிவரை கூட நின்றவர். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னைக்கு செமினாரை நிறுத்திடலாம்னுதான் நினைச்சோம்," என்றார். "ஆனா பத்தொன்பது வருஷத்துல ஒரு புதன்கூட நின்னதில்ல. நிறுத்தினா அவருக்கே பிடிக்காது. காய்ச்சலோட வந்து நாற்காலி போட்டிருக்கார் மனுஷன். நாற்காலிக்கால் எங்க வரணும்னு தரையில டேப் ஒட்டி வச்சிருக்கார், தெரியுமா?"

"தெரியாது," என்றாள் அவள்.

"மணி அடிக்கிறதும் அவர்தான். அஞ்சுன்னா அஞ்சு. யார் பேசிட்டிருந்தாலும் சரி. என்னையே பாதி வாக்கியத்துல நிறுத்தியிருக்கார்." பேராசிரியை டம்ளரைக் கையில் உருட்டினார். "அஞ்சு பத்துக்கெல்லாம் ரூமைப் பூட்டிட்டுக் கிளம்பிடுவார். 'வீட்ல எதிர்பார்ப்பாங்க'ன்னு சொல்லிட்டு."

அவள் நிமிர்ந்தாள்.

"எட்டு மணி வரைக்கும் நடக்குமே?"

"எது?"

"செமினார். புதன்கிழமை எட்டு வரைக்கும் நடக்கும்பாரே. வீட்டுக்கு வர எட்டரை ஆகும்."

பேராசிரியை தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். மகள் கதவருகே வந்து நின்றாள்.

"சில நாள்... கொஞ்சம் இழுத்துடும்," என்றார் பேராசிரியை. பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். முகமெல்லாம் சிவந்துபோய்ச் சீக்கிரமே எழுந்து போனார்.

ஐந்து பத்துக்குக் கிளம்பினால் பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிஷம். ஐந்தே முக்காலுக்கு வீடு. புதன்கிழமைதோறும் அவர் வந்தது எட்டரைக்கு. பதினோரு வருஷமாக.

"எங்கடி போனார்?" என்றாள் மகளிடம்.

"அம்மா, ஆரம்பிக்காதே."

"இல்ல, நீயே சொல்லு. எங்க போனார்?"

"அப்பாவுக்கு இன்னொருத்தியா? போம்மா நீ வேற. அவருக்கு ஒரு சிநேகிதன்கூடக் கிடையாது. ஆறு அங்குல ஸ்கேலை வச்சுக்கிட்டு யாரைக் காதலிப்பார்?"

வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஏனென்றால் அந்த வீட்டில் இந்தமாதிரிப் பேச்செல்லாம் புதன்கிழமைப் பேச்சு.

புதன்கிழமை என்றால் அந்த வீட்டுக்கே வேறு முகம். அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தியதில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் அவர் உள்ளே நுழைந்தால் வீடு தானாகவே நிமிர்ந்து உட்காரும். ரேடியோ தணியும். நாற்காலிமேல் தூக்கிப் போட்ட கால் கீழே இறங்கும். 'எத்தனை மணிக்கு?' என்பார் எதற்கெடுத்தாலும். 'கடைக்குப் போயிட்டு வந்தேன்.' 'எத்தனை மணிக்கு?' 'உங்க அண்ணன் போன் பண்ணினார்.' 'எத்தனை மணிக்கு?' அவளுடைய தங்கை அவருக்கு வைத்த பெயரே 'ஸ்கேல் அத்தான்'.

அவர் இல்லாத புதன்கிழமைச் சாயங்காலங்களில் தாயும் மகளும் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு, தையல் மிஷினுக்கு ஓய்வு கொடுத்து, மேஜையைச் சுற்றிச் சட்டியோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தங்கையைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுவார்கள். அப்புறம் அவளுடைய நாடகம் நடக்கும். அவருடைய பழைய கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, முதுகை வளைக்காமல், ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அறையின் குறுக்கே நடப்பாள். சட்டிக்கும் டம்ளருக்கும் நடுவில் அளப்பாள். 'ரெண்டரை அங்குலம். எத்தனை மணிக்கு?' என்பாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருள்வாள். போனுக்குள்ளிருந்து தங்கை, 'அக்கா போதும், செத்துடுவேன்' என்று கத்துவாள்.

எட்டரைக்கு வாசல் கேட்டருகே ஒரு இருமல் கேட்கும். ஒரே ஒரு தரம். அது சளியும் இல்லை, தொண்டைக்கட்டும் இல்லை. அந்த இருமலுக்கும் அவர் கதவைத் திறப்பதற்கும் நடுவில் நல்ல அவகாசம் இருக்கும். ரேடியோவை அணைத்து, நாற்காலிகளை மேஜைக்கு அடியில் தள்ளி, கண்ணாடியைக் கூட்டுக்குள் வைக்க அது போதும்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்த முகத்தைப் பார்க்கணும்டி," என்றாள் மகளிடம். "முப்பது வருஷம் பார்த்த முகம்தான். ஆனா யாரோட முகம்னு தெரியாம எப்படிப் பார்ப்பேன்? தெரிஞ்சுக்காம அனுப்பினா, காலம்பூரா இந்தக் கேள்வியோட கிடந்து சாகணும்."

"எங்கம்மா போகப்போறே?"

"அந்த செமினாருக்கு. இந்தச் சனியனைத் திருப்பிக் கொடுத்த மாதிரியும் ஆச்சு."

"இன்னைக்கா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்னவோ நினைச்சுட்டுப் போகட்டும். சித்தி அஞ்சு மணிக்கு வந்துடுவா, உனக்குத் துணையா இருப்பா." கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஜன்னலோரம் தையல் மிஷின்மேல், யாரோ ஒருவர் வீட்டுக்குத் தைத்த நீலத் திரை பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரார் ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கிறவள் தன் வீட்டு ஜன்னலுக்கு இன்னும் ஒன்று தைத்து மாட்டவில்லை. 'தைக்கணும், தைக்கணும்' என்றே வருஷங்கள் போய்விட்டன.

செமினார் நடக்கும் இருநூற்றுப் பதினாலாம் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் இந்தக் கட்டடத்துக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. நடைபாதையின் இரண்டு பக்கமும் வரைபடங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில் அவருடைய கையெழுத்து. எந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார் என்று யாரையும் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு இடத்தில் நடை தானாகத் தயங்கியது.

அறைக்குள் எட்டுப் பேர். அவளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாற்காலிகள் அரைவட்டமாகக் கிடந்தன. தரையில் ஒவ்வொரு நாற்காலிக் காலுக்கும் அடியில் வெள்ளை டேப்பில் ஒரு சின்னக் குறுக்குக்குறி. ஒன்பது நாற்காலிகள். கதவோரம் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் எட்டு முகங்களும் மாறியதைக் கவனித்தாள். பக்கத்து ஸ்டூலில் ஒரு பித்தளை மேஜைமணி இருந்தது.

"இது அவரோடதா? எழுந்துக்கறேன்."

"வேண்டாம், வேண்டாம், உட்காருங்க," என்றார் பேராசிரியை. பிறகு திரும்பி, "இன்னைக்கு நாற்காலியெல்லாம் யார் போட்டது?" என்று மெல்லக் கேட்டார்.

நான் இல்லை என்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்துக் காலையிலயே போட்டிருப்பார்," என்று ஒருவர் சொன்னார். நேற்றுக் காலையில் இதே அறையில் பரீட்சை நடந்தது என்று இன்னொருவர் வாயெடுத்தார், அப்படியே விட்டுவிட்டார்.

பேசவேண்டியது ஒரு ஆராய்ச்சி மாணவி. ஒல்லியான பெண், மகள் வயதுதான் இருக்கும். கையிலிருந்த காகிதங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள். "அம்மா, இன்னைக்கு நான் பேசறது அந்தக் கருவியோட முடிவுகளைப் பத்தித்தான். அதுல அவரும் ஒருத்தர். நீங்க இருக்கறப்போ... அடுத்த வாரம் வச்சுக்கலாமா?"

"பரவால்ல, பேசும்மா. நானும் அதைத்தான் கேட்க வந்தேன்."

விளக்கை அணைத்தார்கள். சுவரில் ஒரு நகரத்தின் படம் விழுந்தது. தெருக்கள் மெல்லிய சாம்பல் கோடுகள், அவர் வரைந்தவை. அவற்றின்மேல் நாற்பது புள்ளிகள். மக்கள் எந்த இடத்தை வீடு என்று உணர்கிறார்கள், எங்கே இருக்கும்போது எப்படி இருக்கிறார்கள் என்பது ஆராய்ச்சியாம். அந்தப் பெண் பேசப் பேசப் புள்ளிகள் நகர்ந்தன. வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு. இத்தனை மனிதர்கள் இப்படி மாட்டுவண்டிபோலத் தடம் மாறாமல் போய்வருகிறார்களே என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்று நாற்பதுக்கு அவள் மடியில் கிண் கிண் என்றது. அதே நொடியில் சுவரில் ஒரு புள்ளி சிவந்து துடித்தது. பல்கலைக்கழகம், புவியியல் கட்டடம். பக்கத்தில் எண்: பதினேழு.

மாணவியின் பேச்சு நின்றது. இருட்டில் எட்டுத் தலைகள் சுவரைப் பார்த்தன, பிறகு கதவோர நாற்காலியைப் பார்த்தன. அந்தப் பத்து நிமிஷமும் யாரும் விளக்கைப் போடவில்லை, ஏன் போடவில்லை என்று அப்புறம் கேட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. பத்து நிமிஷம் முடிந்ததும் புள்ளி பச்சையானது. 'வேலை. யாருடன்: குழுவினர். மனநிலை: நான்கு.'

"யாரு இது பதில் சொல்றது?" என்றாள் அவள்.

"யாரும் இல்லம்மா," என்றாள் மாணவி அவசரமாக. "பதில் வரலேன்னா நடுவுல ஓட்டை விழுந்துடும். அதனால அதே கிழமை, அதே நேரத்துக்கு அவர் வழக்கமா என்ன சொல்வாரோ அதை அதுவே போட்டுக்கும். நான்தான் அப்படி வச்சேன். இப்படி ஆகும்னு... இதை யோசிக்கவே இல்லம்மா. இப்பவே நிறுத்திடறேன்."

"அப்போ நிறுத்தலேன்னா?"

"நிறுத்தலேன்னா... போய்க்கிட்டே இருக்கும். வேலைக்கு வருவார், வீட்டுக்குப் போவார். அவர் ரொம்ப ஒழுங்கு இல்லையா, மத்தவங்களைவிட அவருக்குத்தான் தப்பில்லாம போடும்."

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பேருக்கு முன்னால் கேட்பதா என்று ஒரு கணம் கூசியது. மானம் போனால் போகட்டும், நாளைக்குப் பத்து மணி.

"புதன்கிழமை சாயங்காலம் அவர் எங்க இருந்தார்னு இதுல தெரியுமா?"

பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டார். மாணவியோ ஒன்றும் அறியாதவள், முகம் மலர்ந்தாள்.

"தெரியுமே. அதைத்தானேம்மா நான் இன்னைக்குச் சொல்லவே வந்தேன். எங்க நாற்பது பேர்லயும் வீட்ல ரொம்ப சந்தோஷமா இருக்கறவர் பதினேழாம் எண்தான். இங்க பாருங்க." சுவரில் ஒரு பட்டியல் வந்தது. "மத்த நாள் சாயங்காலமெல்லாம் வீடு, மனநிலை மூணு. புதன்கிழமை மட்டும் வீடு, மனைவி, மகளுடன், மனநிலை அஞ்சு. ரெண்டு வருஷமா ஒரு புதன் தப்பாம அஞ்சு. அஞ்சு போடறவங்களே குறைச்சல்."

"புதன்கிழமை ஆறு மணிக்கு அவர் வீட்ல இருக்கமாட்டார்," என்றாள் அவள்.

"இல்லம்மா, இருந்திருக்கார். குறிப்புகூட எழுதியிருக்கார் பாருங்க. மத்தவங்க யாரும் குறிப்பு எழுதவே இல்ல." மாணவி படிக்க ஆரம்பித்தாள். "'ரேடியோ.' 'நல்ல சிரிப்பு.' 'போனில் மச்சினி, மூன்று பேருமே சிரிப்பு.' 'மகள் தரையில் உருண்டாள்.' 'இன்றைக்கு ஸ்கேலும் உண்டு.' 'இன்றைக்கு என் நடை மிகச் சரியாக வந்தது.' இதெல்லாம் என்னன்னு எங்களுக்குப் புரியல. நீங்கதான் சொல்லணும்."

சுவரில் எழுத்துகள் அப்படியே நின்றன.

"ஒரே ஒரு சிக்கல்தான்," என்று மாணவி தொடர்ந்தாள். "பதில் வீடுன்னு இருக்கு, ஆனா புள்ளி வீட்டு மேல விழல. தெருவுக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிழற்குடைகிட்ட விழுது. புதன்கிழமை மட்டும். கருவிக்கோளாறுதான். கட்டடமெல்லாம் நடுவுல இருந்தா இப்படி ஆகும். படம் வரையறப்போ நான் அவர்கிட்டயே கேட்டேன், 'சார், உங்க புள்ளி வெளியில நிக்குது, என்ன பண்ணலாம்?'னு. கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்தார். அப்புறம், 'உள்ளயே வச்சிடலாம்'னார். அவரே நகர்த்தி உள்ள வச்சிட்டார்."

பேராசிரியை நிமிர்ந்து கதவோர நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். அவருக்கு மட்டும் ஏதோ புரிந்திருக்கவேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முந்திய ஒரு புதன்கிழமை அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நாடகத்தின் நடுவில் கதவு திறந்தது. பையோடு அவர் நின்றார். இவள் மூக்கில் அவருடைய கண்ணாடி. மகள் சிரிப்பை விழுங்க முடியாமல் விக்கினாள். 'பரவால்ல, நீங்க பாருங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம்தான் சொன்னார், இனிமேல் செமினார் எட்டு மணிவரைக்கும் என்று. அதைக் கேட்டதும் தனக்கு எப்படி இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது. 'அப்பாடா' என்றிருந்தது. முகத்தில் தெரியாதபடி திரும்பிக்கொண்டதாக நினைத்திருந்தாள்.

விளக்குப் போட்டு யார் யாரோ ஏதேதோ கேட்டார்கள், மாணவி பதில் சொன்னாள். ஒரு கட்டத்தில் பேச்சு ஓய்ந்தது. பார்க்காததுபோல் எல்லோரும் அந்த மேஜைமணியையே பார்த்தார்கள். கடிகாரத்தில் ஐந்து. அவள் கையை நீட்டி ஒரு தரம் அழுத்தினாள்.

வெளியே வரும்போது மாணவி பின்னாலேயே ஓடி வந்தாள். "அம்மா, கருவியைக் கொடுங்க. உடனே நிறுத்திடறேன்."

"நாளைக்கு எடுத்துக்கோம்மா. இன்னும் ஒரு தடவை கேட்கும் இல்ல?"

"ஆறு இருபதுக்குக் கேட்கும்."

"கேட்கட்டும்."

பஸ் அவளை நிழற்குடையில் இறக்கிவிட்டுப் போனது. கடைக்கெல்லாம் நடந்தே போகிறவள், இந்தப் பக்கம் வந்து இறங்கியே பல வருஷம் இருக்கும். தகரக் கூரை, இரும்பு பெஞ்சு. பெஞ்சின் ஒரு ஓரம் மட்டும் பெயின்ட் போய்ப் பளபளவென்று தேய்ந்திருந்தது. தேய்ந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே அவளுடைய வீட்டில் விளக்கு எரிந்தது. எத்தனையோ சாயங்காலம் அந்த ஜன்னலுக்குள் நின்று வெளியே பார்த்திருக்கிறாள். விளக்குப் போட்டுவிட்டால் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும், தெரு தெரியாது. இங்கிருந்து எல்லாமே தெரிந்தது. மேஜை தெரிந்தது. தையல் மிஷினும் அதன்மேல் நீலத் திரையும் தெரிந்தன. சுவர்க்கடிகாரத்தின் முள்ளைக்கூட எண்ணலாம். ஜன்னலின் மேல்கண்ணாடி திறந்திருந்ததால் சத்தமும் வந்தது.

தங்கை வந்திருந்தாள். அழுது வீங்கிய முகம். மகள் மேஜையில் தலையைச் சாய்த்திருந்தாள், தங்கை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் காலையில் கொட்டியவை அப்படியே கிடந்தன. தங்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, அதை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டாள். ஸ்கேலை எடுத்து மகளின் தலைக்கும் மேஜை விளிம்புக்கும் நடுவில் வைத்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

மகள் தலையைத் தூக்கினாள். ஐயோ, ஏதாவது சொல்லிவிடப்போகிறாளே என்று பெஞ்சில் இருந்தவளுக்குப் பகீரென்றது. மகள் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டு வந்தது. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். தங்கையும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, நாற்காலிமேல் கால்களைப் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தெருவைத் தாண்டி, தகரக் கூரைக்கு அடியில் வந்து நின்றது. அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று, அதற்குள்ளேயே இருந்தவரை அவளுக்குத் தெரியாது.

மடியில் கிண் கிண் என்றது. 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?'

அவள் திரையைப் பார்த்தாள். வீடு என்பதை அழுத்தினாள். 'யாருடன்?' மனைவி, மகளுடன் என்று ஒரு கட்டம் தயாராக இருந்தது. அதை அழுத்தினாள். 'மனநிலை?' ஒன்று முதல் ஐந்துவரை வரிசையாக நின்றன. விரல் எங்கும் போகவில்லை. பக்கத்தில், பெஞ்சின் மற்ற பாதியில், யாரோ உட்கார்ந்து தன்னோடு சேர்ந்து காத்திருப்பதுபோல் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து அதுவே எழுதிக்கொண்டது. 'வழக்கமான பதில் பதிவாகிறது: ஐந்து. நன்றி.'

எழுந்து தெருவைக் கடந்தாள். காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாளைக்கு அந்த முகத்தைப் பார்க்கலாம். பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. கேட்டின் கொக்கியில் கை வைத்தாள், இரும்பு சில்லென்றிருந்தது. உள்ளே இன்னும் சிரிப்பு ஓயவில்லை. தங்கை ஏதோ சொல்ல, மகள், "சித்தி போதும், செத்துடுவேன்," என்றாள். அழுகை, நாள் முழுக்க வராத அழுகை, நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டையில் வந்து அடைத்தது. அதை விழுங்கப் பார்த்தாள். விழுங்க முடியாமல், ஒரே ஒரு தரம், இருமினாள்.

உள்ளே சட்டென்று எல்லாம் நின்றது.

பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, நாற்காலிகளை மேஜைக்கு அடியில் தள்ளும் சத்தம் கேட்டது.